கோலமாவு டப்பாவுக்கு ஓர் இடம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ஊருக்குப் போட்ட நாலைந்து கடிதங்களும்தான். மறதி வேறு வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருப்பேன், ஒன்றையே இரண்டு தடவை சொல்லியிருப்பேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பொம்மனஹள்ளியில் நாங்கள் இருக்கும் வீட்டுச் சமையலறையில், மளிகைச் சாமான் வைக்க ஒரு அலமாரி செய்யப்போகிறார்கள். தரையிலிருந்து மேல்கூரை வரைக்கும் வரும். எந்தத் தட்டில் என்ன வைப்பது என்று என்னைத்தான் எழுதித் தரச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ரொட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மகன், மருமகள், நான். அவர்கள் இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்வார்கள். சமையல் என்னுடையது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. லிஃப்டில் யாராவது சிரித்தால்கூட எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது. வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளே போய்விடுவேன். சமையலறையில் மட்டும்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மற்ற அறைகளில் நான் வழியை மறித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருக்கும்.

அந்த இடத்துக்கும் ஆபத்து வந்திருந்தது. ஒரு தடவை பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். பாத்திரம் அடியோடு கரிந்தது. இன்னொரு தடவை அடுப்பை அணைத்தேன் என்று நினைத்தேன், குமிழை மறுபடி திருப்பி கேஸைத் திறந்து விட்டிருக்கிறேன். மகன் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து டாக்டர் மாதிரி சொன்னான். “அம்மா, ரெண்டு தடவை ஆயிடுச்சி. மூணாவதா ஏதாச்சும் ஆச்சுன்னா அடுப்பு வேணாம். ஆளு வெச்சிக்கலாம்.” சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு வாய்விட்டே சொல்லிக்கொள்வேன், அணைத்தாயிற்று, அணைத்தாயிற்று என்று.

மூன்றாவது தடவை வந்தது அடுப்பில் இல்லை, டப்பாவில்.

என்னிடம் ஒரே அச்சில் எட்டு ஸ்டீல் டப்பாக்கள் உண்டு. முன்னே ஒக்கலிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அங்கே சமையலறைக்கு ஒரே ஒரு பலகை. எட்டும் வரிசையாக நிற்கும். பின்னால் ரயில் போகும்போதெல்லாம் டப்பாக்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். தினம் சாயங்காலம் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி வைப்பேன். தினமும் தொட்டதால் எது எங்கே என்று கைக்கே தெரியும். சீட்டு ஒட்டியதில்லை. வாசலில் கோலம் போடுவதும் பச்சரிசி மாவில்தான். காலையில் அந்த டப்பாவிலிருந்துதான் ஒரு பிடி எடுப்பேன், மிச்சத்தை அதிலேயே போடுவேன். கோலமாவும் சமையல் மாவும் ஒரே டப்பா.

இந்த வீட்டில் ரயிலும் இல்லை, டப்பா நகர்வதும் இல்லை. அரிசிமாவுக் கோலம் போட்டால் நடையில் எறும்பு வருகிறதென்று எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். மருமகள் தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு கவர் கல்மாவு வாங்கி வந்தாள். ரங்கோலிக்கென்று விற்பார்களே, அது. எட்டு டப்பாவில் ஒன்று காலியாக இருந்தது. அதில் கொட்டி, அரிசிமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோலம் என்றால் அரிசிமாவுப் பக்கம் என்று கை பழகிவிட்டது. நான்தான் வைத்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் அக்கி ரொட்டி செய்தேன். ஒக்கலிபுரத்தில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டது. அரிசிமாவில் சப்சிகே என்கிற சதகுப்பைக் கீரையையும் வெங்காயத்தையும் போட்டு, வெந்நீர் விட்டுப் பிசைந்து, தவாவில் தட்டிப் போட வேண்டும். இரண்டு டம்ளர் மாவு எடுத்ததும் டப்பா காலி. மீதி மாவைப் பக்கத்து டப்பாவில் போட்டு வைத்ததாக நினைத்துக்கொண்டு, மூன்றாவது டம்ளரை அதிலிருந்து எடுத்தேன். பிசையும்போது கொஞ்சம் நறநறவென்று இருந்தது. ரவை கலந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சர்க்கரை வியாதியில் என் விரல் நுனிகள் மரத்துப் போயிருக்கின்றன. அவை எதையும் சரியாகச் சொல்வதில்லை.

மகன் முதல் வாயிலேயே நிறுத்தினான். “என்னம்மா இது, மணலைக் கடிக்கிற மாதிரி இருக்குது?” என்று கேட்டுக்கொண்டே கன்னத்தைப் பிடித்தான். பல்லுக்குப் போட்டிருந்த தொப்பி கழன்று கையில் வந்துவிட்டது. மருமகள் தன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுத் தட்டை எடுத்து மோந்து பார்த்தாள். “மாவுல கல்லு அத்தை. அந்தக் கடைக்காரன் கலப்படம் பண்ணியிருக்கான்” என்றாள்.

கடைக்காரர் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். கன்னடக்காரர். மூட்டையில் வரும் அரிசிமாவைத் தானே கவரில் கட்டி விற்பார். மகன் பல் டாக்டரிடம் போனான். மருமகள் காலி மாவுக் கவரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. “எங்கிட்டயே சத்தம் போடறான் அத்தை. இருக்கட்டும்” என்று சொல்லி, எங்கள் கட்டடத்து வாட்ஸாப் குரூப்பில் எழுதிப் போட்டாள், அந்தக் கடையில் மாவு வாங்காதீர்கள் என்று. கட்டடத்தில் நாற்பது வீடு.

அதுவரை எனக்கும் ஒன்றும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை கோலம் போட டப்பாவைத் திறந்தேன். கல்மாவுக்குள் என் அளவு டம்ளர் கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளே மருமகள் பல் தேய்க்கிற சத்தம் கேட்டது. டம்ளரை எடுத்துக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் கவிழ்த்தேன். அன்றைக்குக் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனது. யாரும் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது தடவை என்று மகன் சொன்னது காதிலேயே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்துக் கடுகு வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே போனால் கடைக்காரர் எப்போதும் ஒரு ஸ்டூலைத் தள்ளி விடுவார், என் முழங்காலைப் பார்த்து. அன்றைக்கும் தள்ளினார். கடையில் வேறு யாரும் இல்லை.

“அஜ்ஜி, உங்க சொசே பஹள கோபம் பண்ணிட்டாங்க” என்றார். அஜ்ஜி என்றால் பாட்டி, சொசே என்றால் மருமகள். “உங்க பில்டிங்ல இருந்து இப்ப யாரும் பரல்ல. மாவு மட்டும் இல்ல, எதுக்குமே வர்றதில்ல. நீங்க வருஷக்கணக்கா வாங்கறீங்க. நீங்க சொல்லுங்க, என் மாவுல கல்லு இருக்குமா?”

“எனக்கு என்னப்பா தெரியும்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கடுகைக் கட்டினார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே நான் அப்படிச் சொன்னேன்.

அந்த வாரத்தில்தான் மருமகள் அலமாரிப் பேச்சை எடுத்தாள். “கடைச் சாமானை நம்ப முடியல அத்தை. வந்ததும் பிரிச்சிப் பார்த்து, எல்லாத்தையும் ஒரே இடத்துல மூடி வெக்கணும். இந்த மூலையில ஒரு அலமாரி அடிச்சிடலாம். நீங்கதான கிச்சன்ல இருக்கீங்க, நீங்களே பிளான் போட்டுக் குடுங்க.” இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் என்னிடம் பிளான் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுப் போட்டுப் பார்த்தேன். அடியில் அரிசி டிரம், ராகி, எண்ணெய் டின். அவற்றின் பக்கத்தில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் தனித்தனிப் பெட்டி, இரண்டையும் சேர்த்து வைத்தால் கிழங்கு முளைவிடும். அந்தத் தட்டுக்கு மட்டும் கம்பிவலைக் கதவு, காற்றுப் போக. அதற்கு மேல் பருப்பு வகை. முழங்கைக்கும் கண்ணுக்கும் நடுவில் தினம் எடுக்கிற பொடிகளும் மாவுகளும். கண்ணுக்கு மேலே அப்பளம், வடகம். உச்சியில் பண்டிகைப் பாத்திரம்.

மாவுத் தட்டில்தான் என் பயமெல்லாம் நின்றது. அரிசிமாவு, மைதா, ரவை, சர்க்கரை, சோடா எல்லாம் வெள்ளை. வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை வரக்கூடாது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அரிசிமாவு, பக்கத்தில் ராகி மாவு. மைதா, பக்கத்தில் கடலைமாவு. ரவை, பக்கத்தில் வெல்லம். எத்தனை தடவை அழித்து எழுதினேனோ. காலண்டர் தாள் நைந்து ஓட்டை விழுந்தது.

கோலமாவை எங்கே எழுதுவது? அலமாரியில் எங்கே எழுதினாலும் உடனே அழித்தேன். கடைசியில் அதை வீட்டு வாசலுக்கே தள்ளிவிட்டேன்.

ஆசாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சந்தாபுராவிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். காதில் பென்சில். மகன் ஏதோ வாங்க வெளியே போயிருந்தான். ஆசாரி மூலையை அளந்துவிட்டு, “ஆழம் ரெண்டடி கொடுத்துடலாமா?” என்று கேட்டார்.

நான் மருமகள் காதில் சொன்னேன். அவள் சிரித்தாள். “எங்கிட்ட எதுக்கு அத்தை ரகசியம்? அவர்கிட்டயே சொல்லுங்க.”

“ரெண்டடி வேணாங்க” என்றேன். “ஒரு டப்பா நிக்கிற ஆழம் போதும். பின்னால ஒண்ணு நின்னா கண்ணுக்குத் தெரியாது. தெரியலன்னா மறந்துபோயிடும்.”

ஆசாரி யோசித்தார். “நாலடி பலகை. ஒரு அடி ஆழம்னா நாலு துண்டு கரெக்டா வரும். வேஸ்ட் இல்ல. சரியாத்தான் சொல்றாங்க பெரியம்மா.” என்னைச் சுவரோரம் நிற்கச் சொல்லி முழங்கால், இடுப்பு, முழங்கை, கண் என்று நாலு இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டார்.

“அத்தை உயரத்துக்குப் பண்ணினா என் முதுகு ஒடிஞ்சிடும்” என்றாள் மருமகள். அவள் நல்ல உயரம்.

“ரவிக்கைக்கு அளவு எடுக்கிற மாதிரி இருக்குது. எடுத்தது யாருக்கோ அவங்களுக்குத்தான் பொருந்தும்” என்றார் ஆசாரி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் காலண்டர் தாளை மருமகளிடம் கொடுத்தேன்.

அவள் ஒவ்வொரு தட்டாக வாசித்து ஆசாரிக்குச் சொன்னாள். கடைசி வரியில் நிறுத்தினாள்.

“கோலமாவு, செருப்பு ஸ்டாண்டு மேல்தட்டா?”

நான் மேடையைத் துடைக்கத் தொடங்கினேன்.

“நீங்களா அத்தை எழுதினீங்க? கோலமாவைக் கால்ல மிதிச்சிட்டேன்னு என்னையே அன்னைக்குத் தொட்டுக் கும்பிட வெச்சீங்க. இப்ப செருப்போட வெக்கச் சொல்றீங்க?”

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். கோலமாவைச் செருப்போடு வைக்கிறவள் நான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. சமையலறையை விட்டு அது போனால் போதும் என்றுதான் இருந்தேன்.

“அது உள்ள வேணாம்மா” என்றேன்.

“ஏன்?”

“வேணாம்.”

அவள் தாளை மறுபடி பார்த்தாள். மாவுத் தட்டைப் பார்த்தாள். அரிசிமாவு, ராகி, மைதா, கடலைமாவு என்று மெதுவாக முணுமுணுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

“அந்த ரொட்டி… கடைக்காரர் மாவு இல்லம்மா. நான்தான். டம்ளரு கோலமாவு டப்பாவுல இருந்திச்சி. மறுநாளே பார்த்துட்டேன்.”

ஆசாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்விட்டார். நல்ல மனிதர்.

மருமகள் கையிலிருந்த தாளை மேடைமேல் வைத்தாள். “நான் குரூப்ல எழுதிட்டேனே அத்தை” என்றாள். “நாற்பது வீட்டுக்கும் சொல்லிட்டேனே.”

“அடுப்பை எடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்” என்றேன். இதை என் வாழ்நாளில் யாரிடமும் சொல்வேன் என்று நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சின்னப் பிள்ளை பொம்மைக்கு அழுவது போல.

“அந்த டப்பாவை அங்க நானே வெச்சிருந்தாலும் வெச்சிருப்பேன். எனக்கும் ஞாபகம் இல்ல” என்றாள். அதை எனக்காகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, தெரியாது. “ஆனா டம்ளரைப் பார்த்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்.” அது நிஜமாகவே சொன்னது.

அன்றைக்கே இரண்டு பேரும் கடைக்குப் போனோம். அவள் பேசுகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே பேசினேன். எனக்குக் கன்னடம் சுமாராக வரும், அன்றைக்கு அதுவும் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன். தப்பு என்னுது, மாவு உங்களுது இல்ல, உங்க முன்னாலயே உக்காந்துகிட்டுத் தெரியாதுன்னு சொல்லிட்டேன் என்று.

அவர் கத்தவில்லை. வெகுநேரம் தராசுத் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். “அந்த மூட்டையை மில்லுக்குத் திருப்பி அனுப்பிட்டேன். இருபது வருஷமா அவங்ககிட்ட வாங்கறேன், அவங்ககூட ஜகளம் ஆயித்து” என்றார். சண்டையாகிவிட்டது என்கிறார். “நீங்க அன்னைக்கே ஒரு மாத்து, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஜ்ஜி…” முடிக்கவில்லை. வேறொருவர் சோப்பு கேட்டு வந்தார், எடுக்கப் போனார்.

அன்றைக்கு அவர் ஸ்டூலைத் தள்ளவில்லை. நின்றுகொண்டே இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மருமகள் முன்பு எழுதியதை அழித்துவிட்டுக் குரூப்பில் புதிதாக எழுதினாள். எனக்கும் வாசித்துக் காட்டினாள். “கடைக்காரர் மேல் தப்பில்லை, எங்கள் வீட்டில் நடந்த தவறு, மன்னிக்கவும்” என்று இருந்தது. என்னைச் சொல்லவில்லை. நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். கடைக்கு எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று தெரியாது.

மகன் வந்ததும் அவள்தான் சொன்னாள். அவன் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டே கேட்டான். “அதுக்குத்தாம்மா சொன்னேன். இது விளையாட்டு இல்ல. அது எலி மருந்தா இருந்திருந்தா?” அவன் கேட்டது நியாயம். அடுப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் காலண்டர் தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “உப்பு எங்க அத்தை?” என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். உப்பு இல்லை. அப்பளம் இருக்கிறது, சோடா இருக்கிறது, புளி இருக்கிறது. உப்பு வெள்ளை. எந்த டப்பாவுக்குப் பக்கத்தில் எழுதினாலும் இன்னொரு வெள்ளை வந்தது. அப்புறம் எழுதலாம் என்று ஒதுக்கி ஒதுக்கி, எழுதாமலே விட்டிருக்கிறேன். இத்தனை நாள் போட்ட பிளானில் உப்புக்கே இடம் இல்லை. மகனும் தாளை எட்டிப் பார்த்தான். இதுவும் ஒரு சாட்சி என்று சொல்லப்போகிறான் என்று இருந்தேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

அவள் தாளின் ஓரத்தில் அடுப்பு என்று எழுதி, பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். “உப்பு டப்பாவுல வேணாம். பீங்கான் ஜாடியில அடுப்புகிட்டயே இருக்கட்டும். அதை வேற எதோடயும் மாத்த முடியாது.” பிறகு அவனிடம் சொன்னாள். “சமைக்கறது அத்தைதான். நாம யாராச்சும் வீட்ல இருக்கும்போது. ஆனா டப்பாவை நிரப்பறது இனிமே நான். எல்லாத்துலயும் தமிழ்ல பெரிசா சீட்டு ஒட்டிடறேன். சரியா அத்தை?”

சரி என்றேன். மகனும் கொஞ்சம் பொறுத்துச் சரி என்றான், இன்னொரு தடவை என்றால் பேச்சே இல்லை என்று சேர்த்துக்கொண்டு.

அடுப்பு என்னிடமே இருந்துவிட்டது. ஆனால் இனிமேல் டப்பாவை நான் நிரப்பக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எந்த டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இனி சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது சரிதான். ஆனாலும் நேற்று அவள் துவரம்பருப்பைக் கொட்டி நிரப்பியபோது, என் கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கோலமாவுக்கு ஆசாரி மீந்த துண்டில் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செருப்பு ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம். டப்பா வேண்டாம், நீல மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி.

திங்கட்கிழமை அவர் பலகையை அறுக்க வருவார். அறுத்துவிட்டால் திருத்த முடியாது. அதனால் இதைப் படிக்கும் என் மருமகளையோ மகனையோ கேட்டுக்கொள்கிறேன். சுவரில் உள்ள நாலு கோடுகளையும் ஒரு தடவை டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது கோடு முழங்கைக்குப் போட்டதா, இடுப்புக்குப் போட்டதா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. தட்டுகளில் உப்பைப் போல வேறு எதையாவது விட்டிருக்கிறேனா என்றும் பாருங்கள். பெருங்காயத்தை எழுதினேனா தெரியவில்லை. கடைக்காரரிடம் நான் சொன்னதை மட்டும் சரிபார்க்க வேண்டாம், அது அப்படியே நினைவிருக்கிறது.